மைனிக்குக் கயிறு பிடித்தவள்

எங்கள் வீட்டில் வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாத ஒரு வார்த்தை இருந்தது. வசவுகள் அல்ல, அவை தாராளமாகப் புழங்கின. அண்ணன் தோணித் தண்டல், நடுக்கடலில் பத்து ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவன், அவன் வாயில் வராததா? அவன் பெண்டாட்டியான என் மைனியும் கோபம் வந்தால் சவம், மூதி, கரிமுடிவான் என்று மூச்சு விடாமல் எடுத்துவிடுவாள். அதற்கெல்லாம் தடை இல்லை. கூடாத வார்த்தை 'ஒண்ணுமில்ல'.

"என்னளா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்பாள். "ஒண்ணுமில்ல மைனி" என்று சொல்லிவிட்டால் தொலைந்தோம். கையில் இருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு எதிரே வந்து உட்கார்ந்துகொள்வாள். "ஒண்ணுமில்லேன்னா இங்கன என்ன தொங்குது?" என்று ஈரக் கையால் நம் தாடையைப் பிடித்து நிமிர்த்துவாள். அவள் கை எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். சொல்லாமல் எழுந்திருக்க முடியாது. அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தாலும் நகர மாட்டாள்.

அண்ணன் ஒருமுறை கொழும்பிலிருந்து கட்டைவிரலில் கந்தல் சுற்றிக்கொண்டு வந்தான். "ஒண்ணுமில்லளா, கயிறு லேசா உரசிட்டு," என்றான். "ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குத் துணி? அவுத்துக் காட்டுங்க பாப்போம்," என்றாள். அவிழ்த்துப் பார்த்தால் விரலில் நகமே இல்லை. அன்றைக்கு அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. நான் கதையாகச் சொல்லவில்லை, அந்த ஆட்டைப் பிடித்து வந்தவளே நான்தான்.

கோயில் சுவாமியாரையும் விட்டுவைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வெளியே வந்தவரை வாசலில் மறித்து, "தோத்திரம் சாமி, இருமல் எத்தன நாளா?" என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே, "ஒண்ணுமில்லம்மா, தூசி," என்றார்.

"மூணு ஞாயித்துக்கெழமையா எண்ணிட்டு வாரேன். இன்னைக்கு மட்டும் பதினோரு தடவ. பிரசங்கம் என்னன்னு கேட்டீங்கன்னா எனக்குத் தெரியாது, இருமல் எத்தனைன்னு கேளுங்க, சொல்லுதேன்."

மறுநாள் சுவாமியார் நான் நர்ஸாக வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு வந்து வரிசையில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும், "உங்க மைனி அனுப்பிச்சா," என்று பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரிச் சொன்னார். சளி நெஞ்சில் கட்டியிருந்தது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் படுத்திருப்பார்.

ஏன் அந்த வார்த்தையின் மேல் அவளுக்கு இத்தனை ஆத்திரம் என்று ரொம்ப வருஷம் எனக்குத் தெரியாது. ஒருநாள் குசினியில் இரண்டு பேருமாகச் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது, நான் கேட்காமலே சொன்னாள்.

"எங்கய்யா சங்கு குளிக்கப் போவாரு. முங்குறவரு கயித்த மச்சான்தான் புடிக்கணும், தெரியுமா? பெண்டாட்டிகூடப் பொறந்தவன். முங்குனவன் செத்தா தாலியறுக்கது அவன் தங்கச்சியில்லா? அந்தப் பயம் அவன் கையில இருக்கும். எங்க மாமாதான் எப்பவும் புடிப்பாக. ஒரு இழுப்பு இழுத்தா 'சொகமா இருக்கேன்'. ரெண்டு இழுத்தா 'தூக்கு'. ஒருநா மாமாவுக்குக் காய்ச்சல். கூலிக்கு ஒரு ஆளப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனாக. கயிறு ரெண்டு தடவ அசைஞ்சிருக்கு. பக்கத்துத் தோணிக்காரன் பாத்துட்டுக் கேட்டிருக்கான், என்னலே உன் கயிறு அசையுதுன்னு. இவன் சொல்லிருக்கான், ஒண்ணுமில்ல, அலைதான்னு."

மீனின் தலையைக் கிள்ளிப் போட்டாள்.

"எனக்கு எட்டு வயசு. அய்யாவ முத்தத்துல கெடத்திருக்காக. அந்த ஆளும் அங்கன உக்காந்து, 'ஒண்ணுமில்லன்னு நெனச்சேன், ஒண்ணுமில்லன்னு நெனச்சேன்'னு தலையில அடிச்சிட்டு அழுதான். நல்லவன்தான் பாவம். செதில நல்லா எடு, அப்படியே கெடக்கு பாரு."

அவ்வளவுதான். அதற்கு மேல் அந்தக் கதையை அவள் பேசியதில்லை.

நான் இருபத்தோரு வயதில் காலராவுக்குப் புருஷனைக் கொடுத்துவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். மூலையில் உட்கார்ந்து, யார் கேட்டாலும் ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மைனி நாலு மாதம் பொறுத்தாள். ஐந்தாம் மாதம் என் பெட்டியைக் கட்டி, கன்னியாஸ்திரிகளிடம் கெஞ்சி, என்னை நர்ஸ் படிப்புக்கு அனுப்பிவைத்தாள். "நாத்தினாவ வெளியூருக்குத் தொரத்திட்டா" என்று தெருவே பேசியது. "ஆமா, தொரத்திட்டேன், இப்ப என்ன?" என்று அவளும் தெருவுக்குக் கேட்கிற மாதிரியே பதில் சொன்னாள். இன்றைக்கு நான் உங்கள் முன்னால் நிமிர்ந்து நின்று பேசுகிறேன் என்றால் அந்த வாயாடியால்தான்.

இப்படிப்பட்டவளுக்கு நோய் வந்தபோது அதை அவள் ஒளித்துவைக்கவில்லை. வலது மார்பில் கட்டி தட்டுப்பட்ட அன்றே என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். மதுரைக்குக் கொண்டுபோய் மார்பை எடுத்தார்கள். இரண்டு வருஷம் நன்றாக இருந்தாள். சுதந்திரம் வந்த மறு வருஷம், சித்திரை வெயிலில், குளித்துவிட்டு வந்தவள் என்னை அறைக்குள் கூப்பிட்டாள்.

"ஏளா, தழும்ப ஒட்டி அரிசி அரிசியாத் தட்டுப்படுது. தொட்டுப் பாரு."

தொட்டேன். தோலுக்கு அடியில் அரிசிதான். ஒன்று, இரண்டு இல்லை, ஒரு கைப்பிடி. வலது கையும் வீங்கிக் கனத்திருந்தது. கொண்டை முடியத் தலைக்கு மேல் அதைத் தூக்க முடியவில்லை. நான் விரலை எடுக்காமல் மறுபடி எண்ணினேன். அவளோ ரவிக்கையை மாட்டிக்கொண்டு, "மறுபடி அறுக்கணும்பாளா உங்க டாக்டரம்மா?" என்று கேட்டாள்.

எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மா நாசரேத் பக்கத்துக் குடும்பம், கெட்டிக்காரி, நல்ல மனசு. அறுக்க முடியாது, பரவிவிட்டது என்று என்னிடம் தனியே சொன்னார். ஆனால் இங்கிலாந்திலிருந்து ஒரு புது மாத்திரை வந்திருக்கிறது, பெண்களின் உடம்பில் தானாக ஊறுகிற ஒரு சுரப்பு மாதிரியே மருந்துத் தொழிற்சாலையில் செய்தது, சிலருக்கு இது கட்டியைச் சுருக்குகிறது, கொடுத்துப் பார்ப்போம் என்றார். மாதவிடாய் நின்று பல வருஷமானவர்களுக்குத்தான் கொடுக்கலாம்; நிற்காதவர்களுக்குக் கொடுத்தால் நோய் இன்னும் கிளர்ந்து எழலாம். அதனால் மைனியை உள்ளே அழைத்து, "உங்களுக்கு நின்னு எத்தனை வருஷம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அது ஆச்சு பத்து வருஷம்!" என்று மைனி சொன்னது வெளியே மருந்துக்கு நின்ற ஆண்கள் வரிசைக்குக் கேட்டது. ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மாத்திரைப் பெட்டியோடு ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாள் வந்தது. நான் படித்தேன். குமட்டும், வாந்தி வரும். கால் வீங்கும்; நீர் உடம்பில் தங்கி இருதயத்துக்குச் சிரமம் கொடுக்கலாம். மார்புக் காம்பு கறுக்கும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் கர்ப்பப்பையிலிருந்து ரத்தம் போகும். படித்துவிட்டு டாக்டரம்மாவைப் பார்த்தேன்.

"இதையெல்லாம் பட்டியல் போட்டுச் சொன்னா ஒருத்தியும் முழுங்க மாட்டா. ஒண்ணும் செய்யாதுன்னு சொல்லிக் குடுங்க நர்ஸ்," என்றார். அந்தக் காலத்தில் எல்லா ஆஸ்பத்திரியிலும் அதுதான் வழக்கம். நோயாளியைப் பயமுறுத்தக் கூடாது. நானும் பதினாலு பதினைந்து வருஷமாக அதைத்தான் செய்துவந்தேன். தாளை மடித்து என் செபப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன்.

வீட்டில் மைனி மாத்திரையை உள்ளங்கையில் வைத்து உருட்டினாள். உளுந்து அளவுதான் இருந்தது.

"இது என்ன பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாது மைனி."

"ஒண்ணும் பண்ணாதா? பின்ன என்ன எழவுக்கு இதத் திங்கணும்?"

நான் சிரித்து மழுப்பினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முழுங்கினாள். அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. நம்பவில்லை; ஆனாலும் நான் கொடுத்தேன் என்பதற்காக முழுங்கினாள்.

ஒரு வாரத்தில் ஆரம்பித்தது. காலையில் எழுந்ததும் கொல்லைக்கு ஓடுவாள். அடுத்த வீட்டுக்காரி மதில் மேலாக எட்டிப் பார்த்து, "என்ன, அம்பத்தஞ்சு வயசுல விசேஷமா?" என்று கேலி பண்ணினாள். "ஆமா, தொட்டில் இருந்தா கொண்டாந்து கட்டு," என்று வாயைத் துடைத்துக்கொண்டே மைனி பதில் சொன்னாள். மீதி இருந்த மார்பின் காம்பு, பிள்ளை பெற்றவளுக்குப் போலக் கறுத்தது. கணுக்கால் பருத்தது. முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அமுக்கி, "பாரு, குழி விழுது. என்னளா இது?" என்று கேட்டாள். "நெறைய நடந்திருப்பீங்க," என்றேன். எலும்பில்லாத நாக்கு எதையும் சொல்லும். ஆனால் இன்னொன்றும் நடந்தது. இரண்டாம் மாதக் கடைசியில் தழும்பைத் தடவிப் பார்த்தவள், குசினியிலிருந்து ஓடி வந்து என் கையைப் பிடித்து வைத்து அழுத்தினாள்.

"அரிசி நொய்யாப் போச்சுளா! தொடு, தொடு!"

உண்மைதான். பாதி கரைந்திருந்தது. கையும் தோள் உயரத்துக்கு வந்துவிட்டது. இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதோம். அன்றைக்கு மைனி மூன்று வீட்டுக்குப் பணியாரம் சுட்டுக் கொடுத்தாள். தொட்டில் கேட்டவளுக்குத்தான் முதலில்.

அப்புறம் மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடியேறியது.

எங்கள் ஊரில் அந்தப் பத்து நாளும் வேறு நினைப்பு கிடையாது. மைனி வருஷா வருஷம் பத்து நாளும் விடிகாலைப் பூசைக்குப் போய் நன்மை வாங்குவாள்; சுவாமியார் நாக்கில் வைக்கிற அந்த அப்பம் எங்களுக்கு ஆண்டவரேதான். அந்தக் காலத்தில் நன்மை வாங்க வேண்டுமென்றால் நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது. வெறும் வயிறு. வெறும் வயிற்றில்தான் அவளுக்குக் குமட்டல் அதிகம். நாக்கில் வாங்கிய ஆண்டவரை வாந்தி எடுத்துவிட்டால்? அந்தப் பாவத்தை நினைத்தாலே எங்கள் பெண்களுக்கு உடம்பு நடுங்கும். அந்த இடத்தைச் சுரண்டி எடுத்துக் கழுவ வேண்டும் என்று ஞானோபதேசத்தில் சின்ன வயதிலேயே சொல்லிப் பயம் காட்டியிருந்தார்கள். ஆகவே மைனி தானே ஒரு முடிவு எடுத்தாள். கொடியேற்றத்துக்கு முந்தின நாளோடு மாத்திரையை நிறுத்திவிட்டாள். ஒண்ணும் பண்ணாத மாத்திரைதானே, பத்து நாள் இல்லாவிட்டால் என்ன? என்னிடம் சொன்னால் நான் குதிப்பேன் என்று சொல்லவில்லை. எனக்கோ திருவிழாக் கூட்டத்தில் ஆஸ்பத்திரியில் வயிற்றுப்போக்கும் மயக்கமுமாக மூச்சு விட நேரமில்லை. அண்ணன் கொழும்பில், பாய்மரம் பழுதாகித் தோணி அங்கேயே நின்றுவிட்டது.

ஏழாம் திருவிழா, அதாவது கொடியேறி ஏழாம் நாள், மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். கொல்லையில் கை கழுவப் போனவள், ஓலைப்பாய் ஒன்று வெயிலில் சாத்திவைத்திருந்ததைப் பார்த்தேன். பாய்க்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத மாதிரி, தாழ்வாகக் கட்டிய கயிற்றில் பழந்துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. கழுவியும் கறை போகவில்லை. பெண்களுக்கு அந்தக் கறை என்னவென்று சொல்லத் தேவையில்லை. எங்கள் வீட்டில் அந்தத் துணி தேவைப்படுகிறவள் நான் ஒருத்திதான், அது என்னுடையது இல்லை.

உள்ளே வந்தேன். மைனி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"மைனி, கொல்லையில காயிறது என்ன?"

முறம் நின்றது.

"ஒண்ணுமில்லளா," என்றாள் மைனி.

என் வாழ்நாளில் அந்த ஒரே ஒரு முறைதான் அவள் அந்த வார்த்தையைப் பதிலாகச் சொல்லிக் கேட்டேன். அவளுடைய வழக்கப்படியே நான் அவள் எதிரே போய் உட்கார்ந்தேன். தாடையைப் பிடித்து நிமிர்த்தினேன். அந்தக் கண்ணில் தண்ணீர் நின்றது.

"வயித்துக்குள்ள எறங்கிட்டுளா நோவு. ரெண்டு நாளாப் போகுது. பத்து வருஷத்துக்கு முன்ன நின்னது எப்படி வரும், நீயே சொல்லு. முடிஞ்சிபோச்சு. பத்தாம் திருவிழா நன்மையும் வாங்கிட்டா நிம்மதியாக் கண்ண மூடிருவேன். அதுக்குள்ள உன்ன எதுக்குப் படுத்தணும்னு இருந்தேன்."

"மாத்திர சாப்புடுறீங்கள்லா?"

தலையைக் குனிந்துகொண்டாள். "வாந்தி வந்துருமேன்னு நிறுத்திட்டேன். கொடியேத்தத்துக்கு மொத நாளே."

நான் எழுந்து ஓடினேன். செபப்புத்தகத்தை எடுத்து வந்து, மடித்த தாளை அவள் மடியில் வைத்தேன். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். குமட்டல். கால் வீக்கம். கறுப்பு. கடைசியில், திடீரென்று நிறுத்தினால் ரத்தம் போகும் என்ற வரி.

"இது நோவு எறங்குனதுனால வந்தது இல்ல மைனி, மாத்திரய நிறுத்துனதுனால வந்திருக்கும். எனக்கு மூணு மாசமாத் தெரியும். நான்தான் சொல்லல. நான்தான் ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னேன்." சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன். நாற்பது வயதுப் பொம்பளை, நர்ஸ் தொப்பியோடு குசினித் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

மைனி அழவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் ஒரு எழுத்துத் தெரியாது. அதை மடித்தபடி சொன்னாள்:

"அந்தக் கூலிக்காரனும் இப்படித்தான் அழுதான்."

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் முறத்தை எடுத்து மீதி அரிசியைப் புடைத்தாள். நான் சாப்பிடவும் இல்லை, ஆஸ்பத்திரிக்கும் திரும்பிப் போகவில்லை. நாலு மணிக்கு முக்காட்டைப் போட்டுக்கொண்டு, "வா, உங்க டாக்டரம்மாவப் பாக்கணும்," என்று முன்னால் நடந்தாள்.

டாக்டரம்மா படுக்கவைத்துச் சோதித்தார். கர்ப்பப்பையில் தட்டுப்படும்படி ஒன்றும் இல்லை, மாத்திரையை நிறுத்தியதால் வந்த ரத்தம்தான் என்று நினைக்கிறேன், மறுபடி ஆரம்பித்தால் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் வேறு பார்ப்போம் என்றார். மைனி எழுந்து உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"அம்மா, இது என்னென்ன பண்ணும்னு நீளமாச் சொல்லுங்க. நல்லதக் கடைசியில சொல்லுங்க."

டாக்டரம்மா என்னை முறைத்தார். நான் தரையைப் பார்த்தேன். பிறகு அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். வீக்கம் முழங்காலுக்கு ஏறினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ அன்றைக்கே வர வேண்டும். இருதயம் தாங்கவில்லை என்று அர்த்தம். எலும்பில் நோவு கூடினால் சொல்ல வேண்டும். சொல்லாமல் ஒருநாளும் நிறுத்தக் கூடாது. வெறும் வயிற்றில் சாப்பிடாமல் சோற்றோடு சாப்பிட்டால் குமட்டல் குறையும். ஆனால் விட்டுத் தொடங்கினால் முதல் சில நாள் மறுபடி குமட்டத்தான் செய்யும்.

"நல்லது என்ன?"

"நோய ஒரேயடியா விரட்டாது. கட்டிப்போடும். உங்களுக்குக் கட்டுப்பட்டிருக்கு, கண்ணால பாத்தோம். எத்தனை நாளைக்குன்னு எனக்குத் தெரியாதும்மா. நிஜமாவே தெரியாது. எனக்கே இது புது மருந்து."

மைனியின் முகத்தில் இரண்டு நாளாக இல்லாத ஒரு தெளிவு வந்தது. "தெரியாதுங்கறதுகூட நல்ல பதில்தாம்மா. இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்றாள். அடுத்த வாரத்திலிருந்து டாக்டரம்மா அந்த மாத்திரை வாங்குகிறவர்களை ஒவ்வொருத்தியாக உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வெளியே வர அரை மணி நேரம் ஆனது.

திரும்பி வரும்போது கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. மைனி வழியில் சுவாமியார் வீட்டுக்குள் நுழைந்தாள். இருமல் குணமான அந்தச் சுவாமியார்தான். நோய், மாத்திரை, வாந்திப் பயம் எல்லாவற்றையும் நின்ற வாக்கில் கொட்டினாள். அவர் கேட்டுவிட்டு, "நன்மை வாங்கிக் கால் மணி நேரம் வயித்துல தங்கிட்டாப் போதும்மா. அதுக்குப் பொறகு வந்தா அது வெறும் வாந்திதான். முடியாதுன்னு தோணுச்சுன்னா வாங்க வேண்டாம், மாதா கோவிச்சுக்க மாட்டா," என்றார்.

"மாத்திரையும் வேணும், நன்மையும் வேணும் சாமி. ஒண்ண விட்டு ஒண்ணுக்கு நான் சம்மதிக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அன்று மாலையே சோற்றோடு மாத்திரை. எட்டாம் திருவிழா விடிகாலையில் வாந்தி, ஒன்பதாம் திருவிழா அன்றும் வாந்தி. இரண்டு நாளும் நன்மை இல்லை. பூசைக்குப் போய்ச் சும்மா முழந்தாளில் இருந்துவிட்டு வந்தாள். ஆனால் ஒன்பதாம் நாள் மாலை என்னைக் கொல்லைக்குக் கூப்பிட்டு வெறும் கயிற்றைக் காட்டினாள். துணி இல்லை. ரத்தம் நின்றுவிட்டிருந்தது.

அங்கேயே நின்றுகொண்டு என் முந்தானை நுனியை எடுத்துத் தன் கையில் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"எனக்கு மச்சான் கெடையாது. உங்க அண்ணன் கொழும்புல கெடக்காக. நான் செத்தா நட்டம் யாருக்கு? உனக்குத்தான். உன் தலைக்கு எண்ண வைக்க ஆளு கெடையாது. அதனால இனிமே நீதான் புடிக்கணும். நாளைக்கு நன்மை வாங்கிட்டு வந்து உன் பக்கத்துல முழங்கால் போடுவேன். ஒரு இழுப்பு இழுத்தா சொகமா இருக்கேன். ரெண்டு இழுத்தா வெளிய கூட்டிட்டுப் போ. வெளங்குதா? 'ஒண்ணுமில்ல, அலை'ன்னு நின்னேன்னு வையி, தோலை உரிச்சிருவேன்."

"சரி மைனி," என்றேன்.

மைனி அதற்குப் பிறகு இன்னும் மூன்று வருஷத் திருவிழா பார்த்தாள். வலது கையைத் தூக்கித் தானே கொண்டை முடிந்தாள். அண்ணன் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து, அவள் கொண்டை முடிவதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. "என்ன பாக்கீக, கலியாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்தாப்புல?" என்று கேட்டாள். கால் வீக்கம் இருந்துகொண்டேதான் இருந்தது. ஒருதடவை முழங்காலுக்கு ஏறியது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்து உப்பைக் குறைத்து, மருந்து வாங்கிக்கொண்டு போனாள். தினமும் சாயங்காலம் செபமாலை முடிந்ததும் என் கையைப் பிடித்துத் தழும்பைத் தொடவைப்பாள். என்ன தட்டுப்பட்டதோ அதைச் சொல்வேன். கூட்டியும் சொன்னதில்லை, குறைத்தும் சொன்னதில்லை.

ஆனால் எனக்கு அவளை நினைத்ததும் கண்ணில் வருவது அந்தப் பத்தாம் திருவிழாக் காலைதான்.

கோயிலில் எள் விழ இடமில்லை. மெழுகுவத்திப் புகையும் மல்லிகைப்பூ வாசமும் எனக்கே வயிற்றைப் புரட்டியது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்! மைனி முக்காட்டோடு பீடத்துக்கு முன்னால் இருக்கிற கிராதிக்குப் போனாள். கண்ணை மூடி நாக்கை நீட்டி நன்மை வாங்கினாள். கை கூப்பியபடி, கூட்டத்துக்கு நடுவே, வீங்கின காலைப் பைய எடுத்துவைத்துத் திரும்பி வந்தாள். என் பக்கத்தில் முழந்தாளிட்டாள். அவள் கை என் முந்தானையைத் தேடிப் பிடித்தது.

கால் மணி நேரம். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேர் நாடியைப் பிடித்துக்கொண்டு நிமிஷம் எண்ணியிருக்கிறேன், அந்தக் கால் மணி நேரம் மாதிரி ஒன்றை எண்ணியதில்லை. அவள் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. ஒருதடவை தொண்டை ஏறி இறங்கியது. நான் எழுந்திருக்கத் தயாராக ஒரு காலை ஊன்றிக்கொண்டேன். பாட்டுக்காரர்கள் ஒரு பாட்டை முடித்து அடுத்ததைத் தொடங்கினார்கள். பூசை முடிந்து சனம் எழுந்தது. அவள் எழவில்லை, நானும் எழவில்லை.

முந்தானை இழுபட்டது.

ஒன்று.

இரண்டாவதுக்காகக் காத்திருந்தேன். காதடைத்துப் போனது. கூட்டம் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. இரண்டாவது வரவில்லை. தலையைத் திருப்பிப் பார்த்தேன். மைனி கண்ணை மூடியபடியே, உதடு மட்டும் அசைய, எனக்குக் கேட்கிற அளவுக்குச் சொன்னாள்:

"முங்குனது நானு. நீ எதுக்குளா மூச்சப் புடிச்சிட்டு இருக்க? விடு."